அஞ்சல் துறையின் பெயரில் திருட்டு: அமைச்சகம் பதில் சொல்லட்டும்

“உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது. இரண்டு முறை முயன்றும் முகவரி முழுமையாக இல்லாததால் ஒப்படைக்க முடியவில்லை. 48 மணி நேரத்துக்குள் முகவரியைச் சரிசெய்யாவிட்டால் பார்சல் திருப்பி அனுப்பப்படும்.” கீழே ஒரு இணைப்பு. செய்தியில் இருக்கும் பெயர் இந்திய அஞ்சல் துறையினுடையது. அனுப்பியது அஞ்சல் துறை அல்ல.

இது திருட்டு. அரசின் பெயரால், அரசின் சின்னத்தைக் காட்டி நடக்கும் திருட்டு. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2024-லேயே இந்தச் செய்தி போலி என்று அறிவித்தது. முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லி அஞ்சல் துறை இப்படிக் குறுஞ்செய்தி அனுப்புவதில்லை என்றும் தெளிவுபடுத்தியது. அத்தோடு கடமை தீர்ந்தது என்று பொறுப்பில் இருந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். திருடர்கள் ஒதுங்கவில்லை.

“மக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.” நான்கு சொற்களில் அரசு தன் வேலையை மக்கள் தலையில் இறக்கி வைத்திருக்கிறது. இதைக் கண்டிக்கிறோம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தை, குறிப்பாகக் கல்வராயன் மலையை முன்வைத்து இதைப் பேசுகிறோம். காரணம் இருக்கிறது. இந்தப் பொய் அந்த மலைக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது.

மலைச் சிற்றூர்களில் பல வீடுகளுக்குத் தெருப் பெயர் கிடையாது. ஊர்ப் பெயர், தகப்பன் பெயர் அல்லது கணவர் பெயர், வெள்ளிமலை, கல்வராயன் மலை வட்டம். அவ்வளவுதான் முகவரி. தனியார் கூரியர் பல ஊர்களுக்கு மேலேறி வராது. பொருளை வாங்க மனிதர்தான் கீழே இறங்க வேண்டும். முகவரி முழுமையாக இல்லை என்ற வரியைச் சென்னையில் படிப்பவருக்குச் சந்தேகம் வரும். வெள்ளிமலையில் படிப்பவருக்கு அது அன்றாடம். நம்ம முகவரி அப்படித்தானே என்றுதான் அவர் நினைப்பார்.

எதிர்பார்க்கிற தபால் இல்லையென்றால் இந்தப் பொய் எடுபடாது. அந்த எதிர்பார்ப்பை வளர்த்தது அரசே. 2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமமும் வண்டியின் பதிவுச் சான்றும் விரைவு அஞ்சலில்தான் வீட்டுக்கு வருகின்றன. ஏடிஎம் அட்டை தபாலில் வருகிறது. ஆதார் பிளாஸ்டிக் அட்டை தபாலில் வருகிறது. 2025 அக்டோபர் 1 முதல் விரைவு அஞ்சலில் ஓடிபி கேட்டு ஒப்படைக்கும் வசதியும் வந்துவிட்டது. தபாலுக்காகக் காத்திரு, போனைப் பார்த்துக்கொண்டே இரு, எண் வந்தால் சொல் என்று அரசே பழக்கியிருக்கிறது. எந்த எண்ணைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று மட்டும் மலை ஏறி வந்து யாரும் சொல்லித் தரவில்லை.

டவரையும் சேர்த்துப் பாருங்கள். மலையில் பல ஊர்களில் டவர் கிடைப்பதில்லை. கிடைக்கிற இடத்துக்கு வந்ததும் தேங்கிக் கிடந்த செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். அவற்றில் ஒன்றில் 48 மணி நேரக் கெடு இருக்கிறது. அதில் எவ்வளவு கழிந்தது என்று தெரியாது. பதற்றம் வருகிறது. கை இணைப்பைத் தொடுகிறது. அவசரப்படுத்துவதுதான் இந்தத் திருட்டின் முதல் கருவி. டவர் இல்லாத மலையில் அது இரட்டிப்பாக வேலை செய்கிறது.

இணைப்பைத் தொட்டால் என்ன நடக்கும்? அஞ்சல் துறையின் சிவப்பும் மஞ்சளும் கொண்ட பக்கம் திறக்கும். பெயர் கேட்கும். முழு முகவரி கேட்கும். கைப்பேசி எண் கேட்கும். இதுவரை சந்தேகப்பட ஏதுமில்லை. தபால்காரரும் இதைத்தான் கேட்பார். அடுத்த பக்கத்தில் மறுபடி கொண்டுவந்து தருவதற்கு 25 ரூபாய் சொச்சம் கட்டச் சொல்லும். 25 ரூபாய்க்கு யாரும் யோசிக்க மாட்டார்கள். கச்சிராயபாளையம் வரை போய்வர அதைவிட அதிகம் ஆகும். கட்டுவதற்கு அட்டையின் 16 இலக்கங்கள், காலாவதித் தேதி, பின்புறத்து மூன்று இலக்கங்கள். பிறகு ஓடிபி. திருடனுக்கு வேண்டியது 25 ரூபாய் அல்ல. அட்டைதான். அது கிடைத்துவிட்டது.

இதை நடத்துபவர்கள் யார் என்பதும் இருட்டில் இல்லை. ஃபோர்ட்டினெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 2024 ஜூலையில் இதை அம்பலப்படுத்தியது. அந்த ஆண்டு ஜனவரி முதல் ஜூலைக்குள் இந்திய அஞ்சல் துறையின் தளத்தைப் போலவே தோன்றும் 470-க்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் பதிவு செய்யப்பட்டிருந்தன. 296 முகவரிகள் சீனாவின் ஒரே பதிவு நிறுவனத்தின் வழியாக. ஐபோன்களுக்கு ஐமெசேஜ் வழியாகவே செய்திகள் போயின. இதை நடத்திய கும்பலின் கைவரிசை வேறு பல நாடுகளின் அஞ்சல் துறைகளின் பெயரிலும் நடந்திருக்கிறது.

ஏழு மாதத்தில் 470 முகவரிகள். ஒவ்வொன்றும் அஞ்சல் துறையின் பெயரைத் தாங்கியது. ஒரு தனியார் நிறுவனத்தின் ஆய்வாளர்களால் எண்ண முடிந்தது. தன் பெயரை யார் யார் சூட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய துறை எங்கே இருந்தது?

அஞ்சல் துறையும் தொலைத்தொடர்புத் துறையும் ஒரே அமைச்சகத்தின் கீழ் இருக்கின்றன. தகவல் தொடர்பு அமைச்சகம். 2024 ஜூன் முதல் ஜோதிராதித்ய சிந்தியா அதன் அமைச்சர். திருடப்படும் பெயர் அவருடைய துறையின் பெயர். திருட்டுச் செய்தி போகும் பாதை அவருடைய இன்னொரு துறை மேற்பார்வையிடும் பாதை. இந்தத் துறை அந்தத் துறைக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்தோம் என்று சொல்ல இங்கே இடமில்லை. இரண்டு கோப்பும் ஒரே மேசைக்கு வருகின்றன.

அமைச்சகத்தால் முடியாத காரியம் அல்ல இது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-ல் விதிகளைக் கொண்டுவந்தது. வணிகச் செய்தி அனுப்புகிற நிறுவனம் தன் பெயரையும் செய்தியின் வடிவத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்றானது. 2024 அக்டோபர் 1 முதல், அப்படி வரும் செய்திகளில் பதிவு செய்யாத இணைப்பு இருந்தால் அந்தச் செய்தி போகக் கூடாது என்றானது. 2025-ல் அனுப்புபவரின் பெயருக்குப் பின்னால் அரசுச் செய்திக்கு ‘ஜி’, சேவைக்கு ‘எஸ்’, பரிவர்த்தனைக்கு ‘டி’, விளம்பரத்துக்கு ‘பி’ என்று எழுத்துக் குறியும் வந்தது. நல்ல விதிகள். ஆனால் அவை முன்வாசலைத்தான் பூட்டின. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வரும் செய்தி, வெளிநாட்டு எண்ணிலிருந்து வரும் செய்தி, ஐமெசேஜில் வரும் செய்தி, வாட்ஸ்அப்பில் வரும் செய்தி இவையெல்லாம் பின்வாசல். பின்வாசல் திறந்தே கிடக்கிறது. திருடன் அங்கேதான் நிற்கிறான்.

தனிமனிதர் ஒருவரின் எண்ணிலிருந்து, அரசுத் துறையின் பெயரோடும் ஓர் இணைப்போடும், ஒரே வாசகம் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோருக்குப் போகிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கண்ணுக்கு அது தெரியாது என்பதை ஏற்க முடியாது. விளம்பரம் யாருக்கு எப்போது அனுப்ப வேண்டும் என்று கணிக்கத் தெரிந்த நிறுவனங்கள் அவை. இதையும் கணிக்கட்டும்.

வாயிலிலேயே தடுத்தால் தடுக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2020-ல் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டது. புதிதாகத் தரும் அட்டைகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடைகளின் கருவியிலும் மட்டுமே வேலை செய்ய வேண்டும். இணையத்தில் பயன்படுத்துகிற வசதியை வாடிக்கையாளரே கேட்டால்தான் திறக்க வேண்டும் என்றது. இணையத்தில் எதையும் வாங்காத மூதாட்டியின் அட்டை அந்த விதியால் காப்பாற்றப்படுகிறது. அவர் எந்த விழிப்புணர்வுக் கூட்டத்துக்கும் போக வேண்டியதில்லை. ஒரு விதி, வாயிலிலேயே வைத்தால், ஆயிரம் சுவரொட்டி செய்யாததைச் செய்கிறது. அஞ்சல் துறையின் பெயரைக் காக்க அப்படியொரு விதி ஏன் இல்லை?

பரிசுச் செய்தி இதே திருட்டின் மூத்த அண்ணன். ‘கோன் பனேகா குரோர்பதி’ நிகழ்ச்சியில் உங்கள் எண்ணுக்கு 25 லட்சம் விழுந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வரும். எண் +92 என்று தொடங்கும். அது பாகிஸ்தானின் குறியீடு. தில்லி காவல்துறை இதைப் பற்றிப் பகிரங்கமாக எச்சரித்தது. இன்னொரு வகை கேரள லாட்டரியின் பெயரில் வருகிறது. தமிழ்நாட்டில் லாட்டரி 2003 முதல் தடை. கேரள அரசின் லாட்டரி காகிதச் சீட்டாகத்தான் விற்கப்படுகிறது. இணையத்தில் விற்பனை இல்லை. சீட்டே வாங்காதவருக்குப் பரிசு விழாது.

மூன்றாவது வகை காகிதத்தில் வருகிறது. பெயர்பெற்ற இணையக் கடையின் பெயர் அச்சிட்ட உறை. உள்ளே சுரண்டும் அட்டை. சுரண்டினால் கார். காரைப் பெற வரி கட்ட வேண்டும், பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும் என்று ஒரு தொலைபேசி எண். இந்த உறையைக் கொண்டுவந்து கொடுப்பது தபால்காரர். மூட்டை மூட்டையாக இப்படிப்பட்ட உறைகளை வாங்கி முத்திரை குத்தி அனுப்பும் அஞ்சல் அலுவலகம் எதுவாக இருந்தாலும், அனுப்பியவர் யார் என்ற கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

பரிசு என்றால் யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை. இதை அரசு தமிழில், பெரிய எழுத்தில், எல்லா ரேஷன் கடைச் சுவரிலும் எழுதியிருக்க வேண்டும். நம் வருமான வரிச் சட்டப்படி 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுத் தொகையில் 30 விழுக்காட்டைப் பிடித்துக் கட்டும் கடமை பரிசு கொடுப்பவருக்குத்தான். பரிசு பெறுபவர் முன்பணமாக எதையும் அனுப்பத் தேவையில்லை. வெளிநாட்டு லாட்டரிக்காக இங்கிருந்து பணம் அனுப்புவது அந்நியச் செலாவணிச் சட்டப்படி தடைசெய்யப்பட்டதும்கூட. வரி கட்டுங்கள், பரிசு தருகிறோம் என்று எவன் சொன்னாலும் அவன் திருடன்.

இப்போது கேள்வி இது. கல்வராயன் மலையில் ஒரு பெண் இந்த வலையில் விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை அவர் கணக்குக்கு வருகிறது. நூறு நாள் வேலைக் கூலியும் அதே கணக்குக்கு. மரவள்ளி விற்ற காசும் அங்கேதான். எல்லாம் போய்விட்டது. அவர் என்ன செய்ய வேண்டும்?

வங்கியிலிருந்து பணம் போனது என்று ஒரு செய்தி வரும். ஆங்கிலத்தில். வாடிக்கையாளருக்குத் தரும் தகவல்கள் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. கணக்கு தொடங்கும்போது தமிழில் கையெழுத்து வாங்கிய வங்கிக்கு, பணம் போகும்போது தமிழ் மறந்துவிடுகிறது.

யாராவது படித்துச் சொன்ன பிறகு அவர் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். இணைய நிதி மோசடிக்கான தேசிய உதவி எண் அது. 2021-ல் 155260 என்று தொடங்கி, பிறகு 1930 ஆனது. அந்த மாற்றத்தைக் கல்வராயன் மலையில் எத்தனை பேருக்கு, யார் சொன்னார்கள்? எண் தெரிந்தாலும் டவர் வேண்டும். இந்த ஏற்பாடு முழுவதும் வேகத்தை நம்பியிருக்கிறது. புகார் உடனே வந்தால், பணம் போய்ச் சேர்ந்த, திருடர்கள் வாடகைக்கு எடுத்த கணக்கை வங்கி முடக்கிவிடலாம். தாமதமானால் அந்தப் பணம் நான்கைந்து கணக்குகளுக்குப் பிரிந்து, எங்கோ ஓர் ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிடும். முதல் ஒரு மணி நேரம் பொன்னானது என்று காவல்துறையே சொல்கிறது. அந்த ஒரு மணி நேரத்தை மலையில் ஒரு பெண் டவர் தேடுவதிலேயே செலவிடுகிறார்.

மலைக்குக் காவல் நிலையம் கரியாலூரில் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-ஆம் பிரிவுப்படி இத்தகைய வழக்கை ஆய்வாளர் தகுதிக்குக் குறையாத அதிகாரியே விசாரிக்க முடியும். சைபர் கிரைம் காவல் நிலையம் மாவட்டத்துக்கு ஒன்று. ஆக, கீழே போங்கள் என்ற பதில் எளிதாகிவிடுகிறது. கூலியை விட்டு, பேருந்துக்குக் காத்து, கோமுகி அணையைத் தாண்டி மாவட்டத் தலைநகருக்குப் போய்வர ஒரு நாள். பணத்தை இழந்தவர் அந்த நாளின் கூலியையும் இழக்க வேண்டும்.

விசாரிக்க ஆய்வாளர் வேண்டும். புகாரைப் பெற ஆய்வாளர் வேண்டியதில்லை. எல்லை எதுவானாலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. கரியாலூர் உள்ளிட்ட எந்தக் காவல் நிலையத்திலும் கீழே போங்கள் என்ற சொல் கேட்கக் கூடாது.

2025 மே மாதம் மத்திய உள்துறை தில்லியில் முன்னோட்டமாக ஒரு வசதியைக் கொண்டுவந்தது. 1930-க்கு வரும் புகார் தானாகவே முதல் தகவல் அறிக்கையாக மாறும். தொடங்கியபோது அது யாருக்கு? 10 லட்சத்துக்கு மேல் இழந்தவருக்கு. வெள்ளிமலையில் 10 லட்சம் யார் கணக்கில் கிடக்கிறது? சிறு தொகையை இழந்தவர்தான் அதிகம் ஆடிப்போகிறார். அவருக்குத்தான் கதவு திறக்கவில்லை.

பணம் திரும்புமா? தமிழ்நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2024 ஜனவரி முதல் செப்டம்பர் வரை மாநிலத்தில் இணைய மோசடியில் இழந்த தொகை 1,116 கோடி ரூபாய். முடக்கப்பட்டது 526 கோடி. இழந்தவர் கைக்குத் திரும்பியது 48 கோடி. காவல்துறை முடக்கிய பணத்தில்கூடப் பத்தில் ஒரு பங்குதான் அந்த ஒன்பது மாதத்தில் உரியவரைச் சேர்ந்தது. நாடு முழுவதும் 2023-ல் 7,465 கோடி போனது. 2024-ல் 22,845 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. அரசின் மேற்பார்வையில் இழப்பு மூன்று மடங்காகும்போது, எச்சரிக்கையாக இருங்கள் என்ற பதிலை இனி யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

வங்கிகளின் கடமையும் எழுத்தில் இருக்கிறது. 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை. வங்கியும் வாடிக்கையாளரும் காரணமில்லாமல், மூன்றாம் நபரின் மீறலால் பணம் போனால், மூன்று வேலை நாட்களுக்குள் புகார் சொன்ன வாடிக்கையாளருக்கு இழப்பே கூடாது. வாடிக்கையாளர் ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டிருந்தாலும், புகார் சொன்ன பிறகு நடக்கும் இழப்பு முழுவதும் வங்கியுடையது. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியுடையது. ஆனால் கிளையின் முகப்பில் என்ன நடக்கிறது? ‘நீங்கள்தானே ஓடிபி சொன்னீர்கள்’ என்ற ஒரு வரியில் கோப்பு மூடப்படுகிறது. சுமை யாருடையது என்று விதி சொன்னதோ, அவரே நீதிபதியாக உட்கார்ந்துகொள்கிறார். இது முறைகேடு.

சிங்கப்பூரில் இதே திருட்டு நடந்தது. 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்தி போய், 790 வாடிக்கையாளர்கள் 1.37 கோடி சிங்கப்பூர் டாலர் இழந்தார்கள். வங்கி முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தது. அரசு அத்தோடு நிற்கவில்லை. 2023 ஜனவரி 31 முதல், பெயரைப் பதிவு செய்யாமல் அனுப்பும் நிறுவனச் செய்திகளுக்கு மோசடியாக இருக்கலாம் என்ற முத்திரை விழுந்தது. 2024 டிசம்பர் 16 முதல் பொறுப்புப் பகிர்வு நடைமுறைக்கு வந்தது. வங்கி தன் கடமையில் தவறியிருந்தால் இழப்பு வங்கியுடையது. வங்கி சரியாக நடந்து, தொலைத்தொடர்பு நிறுவனம் தவறியிருந்தால் இழப்பு அந்த நிறுவனத்துடையது. இருவரும் கடமையைச் செய்த பிறகே மக்கள் பக்கம் திரும்புகிறது. அங்கே கேட்கும் முதல் கேள்வி ‘நீ ஏன் தொட்டாய்’ என்பதல்ல. ‘நீ ஏன் அனுப்பவிட்டாய்’ என்பது.

இங்கே தொலைத்தொடர்பு நிறுவனங்களின் மேல் அப்படியொரு கடமை சுமத்தப்படவில்லை. போலிச் செய்தி போனால் அவர்களுக்கு நட்டமில்லை. நட்டமில்லாத இடத்தில் அக்கறை வராது.

மலை மக்களின் அறியாமையைக் காரணம் காட்ட எவருக்கும் உரிமை இல்லை. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அதன் பிறகே அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலை மக்களின் நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை எங்கே, மருத்துவம் எங்கே, ரேஷன் எங்கே என்று நீதிபதிகள் கேட்க வேண்டியிருந்தது. கள்ளக்குறிச்சிக்கு அலட்சியத்தின் விலை தெரியும். வங்கிக் கணக்கையும் கைப்பேசியையும் மலைக்கு ஏற்றி அனுப்பிய அரசு, பாதுகாப்பை அடிவாரத்திலேயே விட்டுவிட்டது.

மக்களுக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். அரசு சொல்லத் தவறியதால் நாம் சொல்கிறோம். அஞ்சல் துறையின் தளம் ‘இந்தியாபோஸ்ட் புள்ளி ஜிஓவி புள்ளி இன்’ என்று முடியும். இணைப்பின் நடுவே எந்தப் பெயர் இருந்தாலும் அதை நம்ப வேண்டாம். தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் ‘ஜிஓவி புள்ளி இன்’ இல்லையென்றால் அது அஞ்சல் துறையின் தளமல்ல. ‘டாப்’, ‘விஐபி’ என்று முடியும் இணைப்பைத் தொடவே வேண்டாம். பார்சல் பற்றிச் சந்தேகம் வந்தால் ஊர்த் தபால்காரரிடம் கேளுங்கள். கூகுளில் வாடிக்கையாளர் சேவை எண் தேடாதீர்கள், அங்கும் திருடர்களின் எண்கள் கிடக்கின்றன. பணம் வாங்குவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. பிஎம் கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்பை இறக்காதீர்கள். தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு 2024-லேயே அதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பணம் போகவில்லை, செய்தி மட்டும் வந்தது என்றால் சஞ்சார் சாத்தி தளத்தின் ‘சக்‌ஷு’ பகுதியில் புகார் செய்யலாம். பணம் போய்விட்டால் முதலில் 1930; அடுத்த நிமிடம் வங்கி. செய்தியை அழித்துவிடாதீர்கள். ஏமாந்தது வெளியே தெரிந்தால் கேவலம் என்று எண்ணி ஒரு நாளைக் கடத்தாதீர்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் நீங்கள் அல்ல.

இனி பொறுப்பில் இருப்பவர்களுக்கு.

தகவல் தொடர்பு அமைச்சகம் பின்வாசலை அடைக்க வேண்டும். அரசுத் துறையின் பெயரும் இணைப்பும் சேர்ந்து தனிநபர் எண்ணிலிருந்து வரும் செய்தி, பெறுபவரின் கைக்கு வரும் முன்பே நிற்க வேண்டும். ஐமெசேஜும் வாட்ஸ்அப்பும் நடத்தும் நிறுவனங்களை அழைத்து இதே கடமையை அவர்களுக்கும் விதிக்க வேண்டும். தவறினால் இழப்பை அவர்கள் தர வேண்டும். அஞ்சல் துறை, தன் பெயரில் பதிவாகும் போலி முகவரிகளை நாள்தோறும் கண்காணித்து முடக்கவைக்க ஓர் அதிகாரியை நியமித்து, அவர் பெயரை வெளியிட வேண்டும். உண்மையான ஒப்படைப்புச் செய்தி தமிழில் வர வேண்டும். அதில் எந்த இணைப்பும் இருக்கக் கூடாது.

வங்கிகள் பணம் எடுக்கப்பட்ட செய்தியைத் தமிழில் அனுப்ப வேண்டும். 2017 சுற்றறிக்கையின் சாரத்தைத் தமிழில் எழுதிக் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம், வெள்ளிமலைக் கிளைகளின் வாசலில் ஒட்ட வேண்டும். புகாரை மறுக்கும் மேலாளர் மறுப்பை எழுத்தில், காரணத்தோடு தர வேண்டும்.

மாவட்ட ஆட்சியர் அடுத்த கிராம சபையிலேயே மலையின் ஒவ்வோர் ஊராட்சியிலும் இதைத் தனிப் பொருளாக வைக்க வேண்டும். துண்டறிக்கை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது போதாது. ஒரு போலிச் செய்தியைக் கையில் காட்டி, எது பொய் என்று சொல்லித் தர வேண்டும். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், கரியாலூர் நிலையத்திலேயே 1930 புகாரைப் பதிவேற்ற ஒரு காவலருக்குப் பயிற்சி கொடுத்து, இருபத்துநான்கு மணி நேரமும் அந்தப் பணியில் ஆள் இருக்கச் செய்ய வேண்டும். எத்தனை புகார் வந்தது, எத்தனை வழக்கானது, எவ்வளவு பணம் திரும்பியது என்ற கணக்கை மாதந்தோறும் வெளியிட வேண்டும்.

அமைச்சர் சிந்தியாவிடம் மூன்று கேள்விகள். தன் துறையின் பெயரில் போன அந்தப் போலிச் செய்திகளுக்காக இதுவரை எத்தனை எண்கள் முடக்கப்பட்டன, எத்தனை பேர் கைதானார்கள், எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு எவ்வளவு அபராதம் விதிக்கப்பட்டது? நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரில் இவற்றுக்கு எழுத்து மூலம் பதில் வைக்கப்பட வேண்டும். கள்ளக்குறிச்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் அந்தக் கேள்விகளை எழுப்ப வேண்டும்.